உள்ளங்கை அரிக்கிறதா?

உள்ளங்கை அரித்தால் பணம் வரும், உள்ளங்கால் அரித்தால் பிரயாணம் வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பணம் வந்ததாக எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை. பிரயாணம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது! ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சேர்ந்தாற்போல் அரித்தால், அவள் போகவேண்டிய பிரயாணம் ஒன்றே ஒன்றுதான். அது ஆஸ்பத்திரிக்கு.

சங்ககிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"என் மகளைத் திருச்செங்கோட்டில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்புச் செய்து அழைத்து வந்தோம். இப்போது எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. மாப்பிள்ளை ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருக்கிறார். திரும்ப ஒரு மாசம் ஆகுமுங்க. பத்து நாளாக இவளுக்கு ராத்திரியில் பொட்டுத் தூக்கம் இல்லை. கையையும் காலையும் சொறிந்துகொண்டே இருக்கிறாள். சிமெண்டுத் தரையில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது. முந்தாநாள் நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். கொல்லைப்புறத்தில் வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் ஒரு சொறி கிடையாது, சிரங்கு கிடையாது. எங்க அம்மா, 'வயித்துப் பிள்ளைக்கு முடி முளைக்குது கண்ணு, அதுதான் அரிக்குது' என்கிறார். சம்பந்தியம்மா போனில், 'பித்தம் ஏறியிருக்கும், கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க' என்கிறார். எந்த எண்ணெய் தடவினால் அரிப்பு நிற்கும் என்று எழுதினால் புண்ணியமாகப் போகுமுங்க."

பத்திரிகை அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய சமாசாரம் அல்ல இது. நல்ல வேளையாகக் கடிதத்தின் அடியில் போன் நம்பர் இருந்தது. அன்று மாலையே அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். "எண்ணெய் இருக்கட்டும். நாளைக் காலையில் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கை கால் அரிப்பு, ராத்திரியில் அதிகம், தோலில் ஒன்றும் இல்லை என்று இந்த மூன்றையும் டாக்டரம்மாவிடம் சொல்லி, ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "ஏனுங்க, அரிப்புக்குக் கூடவா ரத்தம் எடுப்பாங்க?"

இந்தக் கேள்வி உங்களில் பல பேருக்கும் தோன்றும். அதற்காகத்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருத்திக்கு எப்போதாவது அரிப்பு வரத்தான் செய்கிறது. அதில் பெரும்பாலானவை சாதுவான அரிப்புகள். ஆகையால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் பதறவேண்டாம். எது சாது, எது சண்டி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சங்ககிரி வெயிலைப் பற்றி அந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டுமா? பகலெல்லாம் துர்க்கத்துப் பாறை வாங்கி வைத்துக்கொண்ட சூட்டை, விளக்கு வைத்த பிறகு ஊருக்குத் திருப்பித் தருகிறது. அந்தப் புழுக்கத்தில் கர்ப்பிணிக்கு வேர்க்குரு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் வேர்க்குரு இருக்கும் இடம் வேறு. கழுத்து மடிப்பு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு - இங்கெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். குளித்துவிட்டு மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்தால் அடங்கும். உள்ளங்கையில் வேர்க்குரு வந்து இப்படி ஊரை எழுப்புவதில்லை.

வயிறு பெரிதாகும்போது தோல் இழுபட்டு அரிப்பது இன்னொன்று. தேங்காயெண்ணெய் தடவினாலே சமாதானமாகிவிடும். கடைசி மாதங்களில் சிலருக்கு வயிற்றுக் கோடுகளின்மேல் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பித் தொடை வரை இறங்கும். தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவைக்கும். உபத்திரவம் பெரிது, ஆனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தொப்புளருகே ஆரம்பித்துக் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அதைத் தோல் டாக்டர் பார்க்கவேண்டும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரித்து, பக்கத்தில் படுக்கிற குழந்தைகளும் சொறிந்தால் அது சிரங்கு. வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மருந்து போடவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் தோலில் ஏதாவது ஓர் அடையாளம் இருக்கிறது. நான் சொல்ல வந்த அரிப்பில் அடையாளமே கிடையாது. நகத்தால் சொறிந்த கீறல்களைத் தவிர வேறு ஒன்றும் இராது. பெரும்பாலும் ஏழு மாதம் நிறைந்த பிறகு ஆரம்பிக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் என்று தொடங்கி உடம்பெல்லாம் பரவலாம். பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருக்கும்; ராத்திரி படுத்தால் தலைதூக்கும். வந்தவள் சொல்கிற வார்த்தையிலேயே பாதி தெரிந்துவிடும். "தோலுக்கு மேலே இல்லைங்க, உள்ளே அரிக்குது, சொறிஞ்சா எட்டமாட்டேங்குது" என்பாள். சிலருக்குச் சிறுநீர் கட்டங்காப்பி மாதிரி கறுத்துப் போகும். மலம் வெளுத்திருக்கும். கண் மஞ்சளிப்பது மிகச் சிலருக்குத்தான். ஆகவே, "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு, காமாலை இல்லை" என்று சமாதானம் அடைவதில் அர்த்தமில்லை.

சம்பந்தியம்மாளின் பித்தத்துக்கு இப்போது வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், அவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்!

நாம் சாப்பிடும் நெய்யும் எண்ணெயும் ஜீரணமாவதற்கு ஈரல் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அதில் பித்த அமிலங்கள் என்று சில பொருள்கள் உண்டு. ஈரலின் நுண்ணிய அறை ஒவ்வொன்றிலும் இந்த அமிலத்தை வெளியே தள்ளுவதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் மிதமிஞ்சிப் பெருகும்போது, சில பெண்களுக்கு இந்த வாசல்கள் மந்தமாகிவிடுகின்றன. பிறவியிலேயே அந்த வாசல்களின் அமைப்பில் சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு இது சுலபமாக நேர்கிறது. அங்கணக் குழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? சமையலறைக்குள்ளேயே திரும்பும் அல்லவா? அதுபோலப் பித்த அமிலம் ரத்தத்தில் திரும்பிவிடுகிறது. அதனோடு சேர்ந்து ரத்தத்தில் ஏறும் பொருள்கள்தான் அரிப்பைக் கிளப்புகின்றன. கல் எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை; ஈரல் கெட்டுப்போய்விடவும் இல்லை. பிள்ளை பிறந்ததும் ஹார்மோன் இறங்கும், வாசலும் திறந்துகொள்ளும்.

டாக்டர்கள் இதைக் கர்ப்ப காலப் பித்தத் தேக்கம் என்கிறார்கள். 1883-லேயே ஜெர்மனியில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நன்றாக ஆராய்ந்து தனி நோய் என்று நிலைநாட்டியவர்கள் 1950-களில் ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 1970-களில் நூறு கர்ப்பிணிகளில் 15 பேருக்கு இது இருந்ததாம். பிறகு அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏன் வந்தது, ஏன் குறைந்தது என்பது இன்றுவரை முழுவதும் விளங்காத புதிர். இங்கிலாந்தில் பொதுவாக ஆயிரம் கர்ப்பிணிகளில் ஏழு பேருக்கு வருகிறது. அதே இங்கிலாந்தில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சத்துப் பெண்களுக்கு ஆயிரத்தில் 12 முதல் 15 வரை. அதாவது ஏறக்குறைய இரண்டு பங்கு. சீமையில் குடியேறியவர்களிடம் இப்படி என்றால், இங்கே இருக்கிற நாம், "இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி" என்று தள்ளிவிட முடியாது.

சரி, அரிப்பு தாயைத் தூங்கவிடாமல் அடிக்கிறது, பிரசவமானால் போய்விடுகிறது. அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்தால் என்ன?

தாய் பொறுத்துக்கொள்வாள். பொறுப்பதில் நம் பெண்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கவேண்டும்! ஆனால் தாயின் ரத்தத்தில் ஏறிய பித்த அமிலம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அளவு மிகவும் ஏறிவிட்டால் அந்தச் சின்ன இதயத்தின் துடிப்பு திடீரென்று தாளம் தப்பிவிடக்கூடும் என்று கருதுகிறார்கள். முன்கூட்டியே வலி எடுக்கலாம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடலாம். எல்லாவற்றிலும் கொடியது, நேற்றுவரை உதைத்துக்கொண்டிருந்த சிசு இன்றைக்கு இல்லாமல் போவது. இதற்கு முன்னறிவிப்புக் கிடையாது. முந்தின நாள் ஸ்கேன் எடுத்திருப்பார்கள், இதயத் துடிப்பை வரைந்து பார்த்திருப்பார்கள். எல்லாம் நன்றாக இருந்திருக்கும். குழந்தை மெலிந்து, தண்ணீர் குறைந்து, படிப்படியாக வரும் ஆபத்து அல்ல அது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பயப்படலாம் என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. பல நாட்டு ஆஸ்பத்திரிகளின் விவரங்களை ஒன்று சேர்த்து 2019-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளின் கணக்கு அதில் இருந்தது. பித்த அமிலத்தின் அளவு லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்கள் 2,310 பேர். அவர்களில் குழந்தை வயிற்றில் இறந்தது 3 பேருக்கு. இது மற்றக் கர்ப்பிணிகளுக்கு நேர்வதைவிட அதிகம் அல்ல. 40 முதல் 99 வரை இருந்த 1,412 பேரில் 4 பேருக்கு. 100-க்கு மேலே போனவர்கள் 524 பேர். அவர்களில் 18 பேருக்கு. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். முதல் கோஷ்டியில் ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம். கடைசிக் கோஷ்டியில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அரிப்பு எவ்வளவு கடுமை என்பதைக் கொண்டு ஆபத்தை அளக்க முடியாது. ரத்தத்தில் இருக்கும் அந்த எண்தான் அளவுகோல். லேசாகச் சொறிகிறவளுக்கு 120 இருக்கலாம். அழுது அரற்றுகிறவளுக்கு 25 இருக்கலாம். அரிப்புக்குக் கூடவா ரத்தம் எடுப்பார்கள் என்று அந்த அம்மாள் கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான்.

பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். கேட்கவேண்டியவை இரண்டு. ஒன்று, ஈரல் பரிசோதனை. இது எங்கும் செய்கிறார்கள், சுலபம். மற்றது, பித்த அமிலப் பரிசோதனை. இதை எல்லா ஊரிலும் செய்வதில்லை. ரத்தத்தை வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பிவைப்பார்கள், முடிவு வர நாலைந்து நாள் பிடிக்கலாம். முதலாவதைச் செய்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அது போதாது. ஈரல் கணக்கு சரியாக இருந்து பித்த அமிலம் மட்டும் ஏறியிருப்பதுண்டு. இன்னும் ஒன்று: அரிப்பு முதலில் வந்து, ரத்தத்தில் மாறுதல் ஓரிரு வாரம் கழித்துத் தெரிவதும் உண்டு. அதனால் இன்றைக்கு நார்மலாக இருந்து அரிப்பு மட்டும் நிற்கவில்லை என்றால், அடுத்த வாரம் மறுபடி ரத்தம் கொடுக்கத்தான் வேண்டும். சாப்பிட்ட பிறகு பித்த அமிலம் சற்று ஏறும். சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் 19-க்கு மேல் இருந்தால்தான் கோளாறு என்று இங்கிலாந்து டாக்டர்கள் 2022 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரவேண்டுமா, சாப்பிட்டு வரவேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு இடையில் இதையும் சொல்லிவிடவேண்டும். கண் மஞ்சளித்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்திருந்தால் அது இந்த அரிப்பு நோயாக இல்லாமல், கெட்ட தண்ணீரால் வரும் தொற்றுக் காமாலையாக இருக்கக்கூடும். அதில் ஈ வகை, கடைசி மாதங்களில் கர்ப்பிணியின் உயிருக்கே உலை வைப்பது. அதேபோல் தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், முகத்தில் வீக்கம், வலப்பக்க விலாவின் கீழ் வலி - இவை ரத்தக் கொதிப்புச் சம்பந்தப்பட்டவை. இவற்றுக்கெல்லாம் காலைவரை காத்திருக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான்.

இந்த நோய் தலைதூக்கும் காலத்தைப் பாருங்கள். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வளைகாப்பு நடத்திப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோமே, சரியாக அந்தக் காலம்! அதுவரை பார்த்த டாக்டரம்மா திருச்செங்கோட்டில். பெண் இருப்பது சங்ககிரியில். புது இடத்தில் முதல் தடவை பார்க்கிற டாக்டருக்கு அவளுடைய பழைய கணக்கு எப்படித் தெரியும்? வளையலையும் சீர்த் தட்டையும் எண்ணி எண்ணிக் கொண்டு வருகிறோம்; தாய் சேய் நலப் புத்தகம் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் புத்தகம், பிக்மி எண், எடுத்த ஸ்கேன், ரத்தக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெண்ணோடு அனுப்புங்கள். வந்த வாரமே அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. லாரியிலும் ரிக் வண்டியிலும் ஆண்பிள்ளைகள் வடதேசம் போனால் திரும்ப வாரங்களாகும். "அவர் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்" என்று பெண்கள் காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் போனில் சொன்னால் போதாதா? ரத்தம் கொடுக்க அவர் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று எந்த டாக்டரும் கேட்பதில்லை. சேலமும் ஈரோடும் இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊருக்கு இந்தத் தயக்கம் ஆகாது.

நமது சங்ககிரி அம்மாள் அடுத்த நாளே அழைத்துப் போய்விட்டார். முடிவு வந்ததும் எனக்குச் சொன்னார்: 58. நடுத்தரம். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, வாரா வாரம் ரத்தம் பார்க்கவேண்டும், 38 வாரம் நிறைந்ததும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிரசவம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உடனே சம்பந்தி வீட்டில் ஒரு கேள்வி: "வலி வருவதற்கு முன்னாடியே எதற்குப் பிள்ளையை எடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். முன்னறிவிப்பில்லாத ஆபத்து என்று சொன்னேன் அல்லவா? காத்திருந்து கவனித்துத் தடுக்க வழியில்லாதபோது, காத்திருக்கும் நாளைக் குறைப்பதுதான் வழி. ஆனால் அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திராது. அதற்கு வேறு ஆபத்துகள். இரண்டையும் தராசில் வைத்துத்தான் நாள் குறிக்கிறார்கள். இங்கிலாந்து மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டி சொல்வது இது: 40-க்குக் கீழே என்றால் 40 வாரத்துக்குள், 40 முதல் 99 என்றால் 38, 39 வாரத்தில், 100-ஐத் தாண்டினால் 35, 36 வாரத்திலேயே. இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். நாள் குறித்தார்கள் என்றால் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள் என்று அர்த்தமல்ல. மருந்து வைத்து வலி வரவழைத்துச் சுகப் பிரசவமே பார்க்கலாம். டாக்டர் சொன்ன நாள் அஷ்டமியாக இருக்கிறது, நாலு நாள் தள்ளிப்போடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 58-க்கு நாலு நாள் ஒருவேளை பொறுக்கும். 158-க்குப் பொறுக்காது. பஞ்சாங்கத்தைப் பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் கணிக்க எடுத்துக்கொள்ளலாமே!

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் கொடுப்பது உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை. வாயில் நுழையாத இந்தப் பெயருக்குள் ஒரு கரடி ஒளிந்திருக்கிறது. உர்சுஸ் என்றால் லத்தீனில் கரடி. சீன வைத்தியத்தில் கரடிப் பித்தம் பழைய காலத்து மருந்து. அதிலுள்ள சரக்கை 1927-ல் ஜப்பானியர் ஒருவர் பிரித்தெடுத்து இந்தப் பெயரை வைத்தார். பயப்படாதீர்கள், இப்போது கடையில் விற்கும் மாத்திரைக்காகக் கரடியைத் தேடிக்கொண்டு யாரும் காட்டுக்குப் போகவேண்டியதில்லை.

இந்த மாத்திரையின் யோக்கியதையையும் உள்ளபடி சொல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 605 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மாத்திரையும் மற்றதற்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. அரிப்பு கொஞ்சம்தான் குறைந்தது. குழந்தைகளுக்கு நேரும் கெடுதல்கள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறைப்பிரசவம் ஓரளவு குறையலாம் என்று தோன்றியிருக்கிறது. மாத்திரையால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு இல்லை. ஆகவே டாக்டர் கொடுத்தால் சாப்பிடுங்கள், ஆனால், "மாத்திரை சாப்பிடுகிறோமே, இனி ரத்தப் பரிசோதனை எதற்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். ராத்திரித் தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். அது அரிப்பை விரட்டுவதைவிட ஆளை அயர்த்துவதுதான் அதிகம். அந்த நிலையில் அதுவும் ஒரு புண்ணியம்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. வெந்நீர்க் குளியல் வேண்டாம். சூடு பட்டால் அரிப்பு கிளம்பும். ராத்திரி படுக்குமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, ஈரம் முழுவதும் காயுமுன் கை கால்களில் தேங்காயெண்ணெயோ, வாசனை இல்லாத களிம்போ தடவலாம். மெந்தால் கலந்த களிம்பு குளிர்ச்சியாக இருக்கும். காலமைன் லோஷனும் சிலருக்குக் கேட்கிறது. நனைத்துப் பிழிந்த துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொள்ளலாம். அந்தப் பெண் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாளே, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கண்டுபிடித்த நல்ல வைத்தியம் அது! கொல்லையில் இருட்டில் உட்காராமல், கட்டிலருகே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக் கொடுங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழாமல் இருக்கவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நைலான், பாலியெஸ்டர் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். நைந்த பருத்திச் சேலைக்கு ஈடில்லை.

கூடாதவையும் உண்டு. கீழாநெல்லி முதலான மூலிகைகளைக் கர்ப்பிணிக்கு வீட்டில் அரைத்துக் கொடுக்காதீர்கள். இந்த நோய்க்கு அது கேட்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே திணறும் ஈரலுக்குப் புதிய சரக்கு எதற்கு? காமாலைக்கு மந்திரிப்பது, சூடு போடுவது பக்கம் போகவே வேண்டாம். பித்தம் என்ற பேச்சு வந்ததும் எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, பருப்பு கூடாது என்று பத்தியம் போட்டு ஒன்பது மாதக்காரியைக் கஞ்சியில் நிறுத்திவிடுகிறார்கள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் போட்டவர்களா இவர்கள் என்று தோன்றும்! வழக்கமான சாப்பாடே சாப்பிடலாம்.

குழந்தையின் அசைவைத் தினமும் கவனித்து வாருங்கள். துள்ளல் குறைந்ததுபோல் தோன்றினால் சோடா குடித்துப் பார்ப்பது, விடியட்டும் என்பது எல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

பிரசவத்தின்போது தெரிந்திருக்கவேண்டியது ஒன்று. பித்தம் குடலுக்குச் சரியாக வராவிட்டால் கொழுப்பு ஜீரணமாகாது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் சேரவேண்டிய கே வைட்டமினும் குறையும். ரத்தம் உறைவதற்கு அது தேவை. மலம் வெளுத்து எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறவர்கள் இதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லவேண்டும். வேண்டுமானால் அந்த வைட்டமினைக் கொடுப்பார்கள்.

பிள்ளை பிறந்த சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ அரிப்பு விடைபெற்றுக்கொள்ளும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். நாலு வாரமோ அதற்குச் சற்றுப் பின்னோ ஒரு தடவை ஈரல் பரிசோதனை செய்து பார்த்துவிடவேண்டும். அப்போதும் கணக்கு இறங்கவில்லை என்றால் ஈரலில் வேறு கோளாறு உண்டா என்று தேடவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற, பத்தியம் வடிக்கிற அமளியில் இந்தப் பரிசோதனையைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

அடுத்த பிரசவத்திலும் இது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது குறைந்தபட்சக் கணக்கு. பத்தில் ஒன்பது வரை சொல்பவர்களும் உண்டு. ஆகையால் அடுத்த தடவை முதல் மாதத்துப் பரிசோதனையிலேயே, "போன தடவை எனக்குப் பித்தத் தேக்கம் இருந்தது" என்று சொல்லிவிடவேண்டும். அக்காள் தங்கைகளிடமும் சொல்லிவையுங்கள். இது குடும்பத்தில் ஓடுகிற நோய். அம்மாவுக்கோ அம்மாயிக்கோ அந்தக் காலத்தில் மாசமாக இருந்தபோது இப்படி அரித்ததா என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கும்தான் அரிச்சுது, நான் என்ன டாக்டரிடமா போனேன்?" என்று பதில் வந்தால், அது உங்களுக்குச் சமாதானம் அல்ல, தகவல்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. சுகாதார நிலையங்களில் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அது எப்படியும் ஆகாது. அதற்குப் பிறகும், கர்ப்பத்தில் பித்தத் தேக்கம் வந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். மாத்திரை சாப்பிடும்போது பழைய அரிப்புத் தலைகாட்டினால் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டும். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. ஆனால் சமீபத்தில் காமாலையோ ஈரல் கோளாறோ இருந்தவர்களுக்கு அதையும் டாக்டரைக் கேளாமல் தருவதில்லை. காப்பர்-டிக்கு இந்தத் தகராறு எதுவும் கிடையாது.